“பால் பத்தல டீச்சர்” என்பவர்களிடம் என்ன சொல்வது?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஓர் அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். என் பகுதியில் பெரும்பாலும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற குடும்பங்கள். ஒரே அறை கொண்ட லைன் வீடுகள். குழந்தை பிறந்த வீடுகளுக்குப் போய், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சார்ட் காட்டி விளக்குகிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை போனால் அடுப்பு மேடையில் பவுடர் டப்பா இருக்கிறது. “பால் பத்தல டீச்சர்” என்கிறாள் அந்தப் பெண். மாமியாரும் அதையே சொல்கிறார். மூன்றாம் மாதம் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கஷ்டம் தெரிவதால் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நான் சொல்லும் முறையில் தவறா? இதில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவளிடம் பேச மொழியும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

குறை சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தோடு வீட்டுக்குள் போகிறவரால் நிறைய செய்ய முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற செய்தி அந்தப் பெண்களுக்குப் புதிதில்லை. கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு செக்கப்பிலும் கேட்டிருப்பார்கள், ஆஸ்பத்திரிச் சுவரிலும் படித்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது வேறு. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை விடாமல் அழுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் காலையில் ஷிப்டுக்குப் போக வேண்டும். கணவன் எரிச்சலோடு புரண்டு படுக்கிறான். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அப்போது கைக்கு எட்டுவது டப்பா. நீங்கள் பகலில் சொல்லிவிட்டு வந்த நன்மைகள் எதுவும் அந்த ராத்திரிக்கு உதவாது.

ஆகவே அடுத்த முறை சார்ட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். “இப்ப பால் கொடுக்கிற நேரமா? கொடும்மா, நான் உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லி, குழந்தை குடித்து முடிக்கும்வரை இருங்கள். ஆண்கள் யாராவது இருந்தால் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்லலாம், அல்லது ஒரு சேலையைக் குறுக்கே கட்டிக்கொள்ளலாம். வீடு தேடிப் போவதில் இருக்கிற மிகப் பெரிய வசதி இதுதான். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நர்ஸுக்கு ஒரு தாயின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வாய்ப்பது அரிது. உங்களால் முடியும்.

உட்கார்ந்து என்ன பார்ப்பது? குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கிறதா, அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பெண்கள் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தை மட்டும் திருப்பிப் பிடித்திருப்பார்கள். நீங்களே கழுத்தை ஒரு பக்கம் திருப்பியபடி தண்ணீர் குடித்துப் பாருங்கள், கஷ்டம் புரியும். அப்புறம் வாயைப் பாருங்கள். வாய் அகலமாகத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே அநேகமாகத் தெரியக் கூடாது. காம்பை மட்டும் கவ்வியிருந்தால் தாய்க்கு வலிக்கும், குழந்தைக்குப் பால் சரியாக வராது. அரைமணி நேரம் சப்பிய பிறகும் அது அழும். “பால் பத்தல” என்ற பேச்சு பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

திருத்தும்போது அவள் மார்பை நீங்கள் தொட்டுப் பிடித்துத் திணிக்க வேண்டாம். ஒரு பொம்மையையோ சுருட்டிய துண்டையோ வைத்துக் காட்டுங்கள். காம்பால் குழந்தையின் மேலுதட்டைத் தடவி, அது கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மார்பைக் குனிந்து குழந்தையிடம் கொண்டுபோனால் முதுகுவலிதான் மிச்சம். அவள் கையாலேயே அது சரியாக வந்துவிட்டால், நீங்கள் இல்லாத ராத்திரியிலும் வரும்.

இப்படி வீடு தேடிப் போவதால் பலன் உண்டா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால் சொல்லுங்கள். டாக்காவில் பத்து நாள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள், கர்ப்ப காலத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை தாய்மார்களின் வீடுகளுக்குப் போய்வந்தார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், அப்படிப் போன வீடுகளில் ஐந்தாம் மாதத்தில் 70 சதவீதக் குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. போகாத வீடுகளில் வெறும் 6 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோ நகரின் ஓர் எளிய குடியிருப்புப் பகுதியில் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஆறு முறை போன வீடுகளில் மூன்றாம் மாதத்தில் 67 சதவீதம், மூன்று முறை போன வீடுகளில் 50 சதவீதம், போகாத வீடுகளில் 12 சதவீதம். இரண்டு இடத்திலும் போனவர்கள் டாக்டர்கள் இல்லை. உங்களைப் போலத் தெரு தெரிந்த பெண்கள்தான்.

எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். மத்திய அரசின் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நாள்கள் முதல் மாதத்தில் நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்குவதும், காம்பு வெடிப்பதும், மார்பு கட்டிக்கொள்வதும், டப்பா வீட்டுக்குள் நுழைவதும் அந்த நாள்களில்தான். சிசேரியன் ஆனவளுக்கு இன்னும் சிரமம். குழந்தையைத் தூக்கவே வலிக்கும். அவளுக்குப் பக்கவாட்டில் படுத்தபடி கொடுக்கக் கற்றுக்கொடுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுகிறாள். திரும்பி வரும்போது மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகியிருக்கும், டப்பாவும் பழகியிருக்கும். அதனால் அவள் கிளம்புவதற்கு முன்பே பிடியுங்கள். நீங்கள் நடத்தும் சமுதாய வளைகாப்பு அதற்கு நல்ல இடம். வளையல் போட்டுச் சாப்பாடு முடிந்ததும், வந்திருக்கும் அம்மாக்களையும் மாமியார்களையும் உட்காரவைத்து இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாள் அது ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே வரும், பிறந்த குழந்தைக்கு அது போதும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பால் நிறைந்து வரும். இதை முன்கூட்டியே கேட்டவர்கள் முதல் நாளே சர்க்கரைத் தண்ணீரைத் தேட மாட்டார்கள். தாய்வீடு வேறு ஊரிலென்றால் போன் நம்பரை வாங்கிவையுங்கள். வாட்ஸ்அப் வீடியோவில் குழந்தை வாய் வைத்திருப்பதைப் பார்த்தே பாதிப் பிரச்சினையைச் சொல்லிவிடலாம்.

இனி “பால் பத்தல” என்கிற அந்தப் பேச்சு. அதை மறுத்துப் பேசாதீர்கள். “எதை வெச்சு அப்படித் தோணுது?” என்று கேளுங்கள். குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது என்பாள். மார்பு முன்புபோல் கனமாக இல்லை, தளர்ந்துவிட்டது என்பாள். பிதுக்கினால் பால் வரவில்லை என்பாள். மூன்றுமே பால் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. சில வாரங்களில் குழந்தையின் தேவைக்கு ஏற்ப மார்பு பழகிக்கொள்ளும், அதனால்தான் தளர்வு. சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை விட்டுவிட்டுக் குடிப்பது சின்னக் குழந்தைகளின் வழக்கம். இரண்டு மூன்று வார வயதிலும், ஆறு வார வயதை ஒட்டியும் சில நாள்கள் இன்னும் அடிக்கடி கேட்கும். அந்தச் சில நாள்கள் கேட்டபோதெல்லாம் கொடுத்தால் பால் கூடிவிடும். அந்தச் சமயத்தில் டப்பாவைத் திறந்தால் குழந்தை மார்பில் சப்புவது குறையும், பால் நிஜமாகவே குறையும். “இறைக்கிற கிணறுதான் ஊறும்” என்று சொல்லுங்கள், பாட்டிகளுக்கு உடனே புரியும்.

போதுமான பால் கிடைக்கிறதா என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. ஐந்தாறு நாளுக்கு மேல் ஆன குழந்தை, தண்ணீர் எதுவும் கொடுக்காத நிலையில், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டும். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் முதல் மூன்று மாதம் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏற வேண்டும். உங்களிடம்தான் எடை மெஷின் இருக்கிறதே! மாமியார் முன்னாலேயே எடை போட்டு, போன வாரத்தைவிட எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். “இந்த 180 கிராமும் உங்க மருமக பால்தான்” என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, நன்மைகளைப் பட்டியல் போட்டு அசையாத வீடுகள் இந்த ஒரு வாக்கியத்துக்கு அசைந்திருக்கின்றன.

மாமியாரை எதிரியாக நினைக்க வேண்டாம். அவர் தன் பிள்ளைகளைத் தாய்ப்பாலில்தான் வளர்த்திருப்பார். எப்படி வளர்த்தார் என்று கேளுங்கள், சொல்லச் சொல்ல அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார். ஆனால் அவரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். “உனக்குப் பாலே இல்லை” என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பெண்ணுக்குப் பதற்றத்தில் பால் இறங்கத் தடையாகும். இது உடம்பின் இயக்கம், பாலை வெளியேற்றும் ஆக்ஸிடோசின் பயத்திலும் வலியிலும் தடைபடும். மருமகள் முதுகைத் தடவிவிடுவது, வேளைக்குச் சோறு போடுவது, குழந்தை குடித்த பிறகு தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது என்று அவருக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்.

சேனை வைப்பது, தேன் தொட்டு வைப்பது, உரைமருந்து, கிரைப் வாட்டர், தெருவில் வருகிற கழுதைப் பால், வெயில் காலத்தில் தண்ணீர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாவற்றோடும் ஒரே நாளில் சண்டை போட முடியாது. தேனை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு வயதுக்குள் அது ஆபத்தான கிருமித் தொற்றைக் கொண்டுவரலாம். தண்ணீர் விஷயத்தில், தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். வயிறு பெருத்துவிடும் என்று தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் காப்பவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசலாம். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும், பசிக்குச் சாப்பாடு வேண்டும். பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு என்று அன்போடு செய்து கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடட்டும். அதற்கு வசதியில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சோறும் பருப்பும் முட்டையும் கீரையும் சாப்பிடுகிறவளுக்கும் பால் சுரக்கும்.

ஏற்கெனவே டப்பா திறந்த வீட்டில் அதைப் பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள். அடுத்த முறை ஒளித்துவைத்துவிடுவார்கள், உங்களுக்கு எதுவும் தெரியாமல் போகும். எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர் என்று கேளுங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு முழுக்கப் பவுடர்தான் என்றால் 400 கிராம் டப்பா மூன்று நான்கு நாள்தான் வரும். மாதச் சம்பளத்தில் அது பெரிய ஓட்டை. அதனால் பல வீடுகளில் தண்ணீர் கூட்டி, பவுடர் குறைத்துக் கரைப்பார்கள். குழந்தை வயிறு நிறையக் குடிக்கும், எடை ஏறாது. டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி, கொதித்த தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குடித்து மீந்ததை எடுத்துவைக்கக் கூடாது என்று அப்போதே காட்டுங்கள். பிறகு, ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பு, அப்புறம்தான் பவுடர். எடையைப் பார்த்துக்கொண்டே சில நாளுக்கு ஒருமுறை ஒரு வேளைப் பவுடரைக் குறையுங்கள். ராத்திரி வேளைகளை மார்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் ராத்திரியில் அதிகம். திடீரென்று முழுக்க நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இலவச டப்பா எங்கிருந்தாவது வருகிறதா என்பதையும் கவனியுங்கள். குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் செய்வதும், தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அப்படி நடந்தால் உங்கள் சிடிபிஓவிடம் (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம்) எழுத்தில் கொடுங்கள்.

வேலைக்குத் திரும்புவதுதான் உண்மையான சிக்கல். உபதேசத்தால் அதைத் தீர்க்க முடியாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். ஆனால் கான்ட்ராக்டர் வழியாகப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணுக்கு இவை பெரும்பாலும் எட்டுவதில்லை. இது அநியாயம் என்று எனக்குக் கோபமே வருகிறது. இருந்தாலும் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் கேளுங்கள். பிடித்தும் பிரசவப் பணம் கேட்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையின் தவணை விடுபட்டிருந்தால், சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி வாங்கிக் கொடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு மாதம் கூடுதலாக வீட்டில் இருக்க முடிந்தாலும் லாபம்தான்.

போயே தீர வேண்டும் என்றால், போவதற்கு இரண்டு வாரம் முன்பே கையால் பால் எடுக்கப் பழக்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கருவளையத்தின் ஓரத்தில் எதிரெதிரே வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் சில நாள் இரண்டு ஸ்பூன்தான் வரும், பயப்பட வேண்டாம். கொதிக்கவைத்த எவர்சில்வர் டம்ளரில் எடுத்து மூடி வைத்தால், நம் வெயிலுக்கு வெளியே நான்கு மணி நேரம் இருக்கும், பிரிட்ஜில் ஒரு நாள் இருக்கும். வைத்த பால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும், பாட்டிகள் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீரில் டம்ளரை வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். பாட்டில் வேண்டாம், நம் பாலாடைச் சங்கு போதும். அதைக் கழுவுவதும் சுலபம்.

காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி கேட்டபோதெல்லாம் மார்பில் கொடுக்கட்டும். கம்பெனி பக்கத்திலேயே என்றால் மதிய இடைவேளையில் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம். சில சூப்பர்வைசர்கள் கேட்டால் விடுகிறார்கள், கேட்காததால் கிடைக்காமல் போனதும் உண்டு. அங்கே எடுத்துவைக்க வசதியே இல்லையென்றால், மார்பு கட்டாமல் இருக்கவாவது எடுத்துக் கொட்டிவிடச் சொல்லுங்கள். மனசு கேட்காது, ஆனால் அடுத்த நாளுக்கான பாலை அதுதான் காப்பாற்றும். இத்தனை செய்தும் ஒரு வேளைக்குப் பவுடர் தேவைப்படுகிற வீடும் இருக்கும். மற்ற வேளைகள் தாய்ப்பாலாக இருந்தால் அதுவும் அந்தக் குழந்தைக்கு நல்லதுதான் என்று அந்தத் தாயிடம் மனதாரச் சொல்லுங்கள்.

நீங்கள் கையாளக் கூடாதவையும் சில உண்டு. குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது, சிறுநீர் குறைவது, காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப்போவது, வேகமான மூச்சு, வலிப்பு எதுவானாலும் உடனே 108. தாய்க்கு மார்பு சிவந்து கட்டி, காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து, அழுதுகொண்டு, குழந்தை மேல் பிடிப்பில்லாமல் இருக்கிற தாயையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்ற காரணங்களால் நிஜமாகவே பால் குறைவாகச் சுரக்கும் பெண்களும் இருக்கிறார்கள், அதிகம் பேர் இல்லை. அவர்களுக்கு டாக்டர் பவுடர் எழுதிக் கொடுத்தால், யாரும் அவளைக் குத்திப் பேசாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

கடைசியாக அந்த ஒடிசாப் பெண். அவளுக்கு அம்மாவும் பக்கத்தில் இல்லை, மாமியாரும் இல்லை. உங்கள் பட்டியலில் முதலில் போக வேண்டிய வீடு அதுதான். குழந்தையைப் பிடிப்பதற்கும் வாய் வைப்பதற்கும் மொழி வேண்டாம். பொம்மையும் உங்கள் கையும் போதும், அவள் செய்வதைப் பார்த்துத் தலையாட்டினால் புரிந்துகொள்வாள். சிறுநீர்க் கணக்குக்குச் சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடச் சொல்லிக் காட்டுங்கள். அதே லைனிலோ அதே கம்பெனியிலோ கொஞ்சம் தமிழ் பழகிய, பாலூட்டி வளர்த்த இன்னொரு ஒடிசாப் பெண் நிச்சயம் இருப்பாள். அவளைக் கூடவே அழைத்துப் போங்கள். முதல் இரண்டு முறை நீங்களும் இருங்கள், அப்புறம் அவளே போய்ப் பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
பாலூட்டல் ஆலோசகர்